இளமை தருவதாகச் சொல்லும் ஹார்மோன்கள்: சான்றை எடைபோடும் முறை

வயது ஏற ஏறச் சில ஹார்மோன்களின் அளவு இரத்தத்தில் குறையும். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் நாற்பது வயதையொட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் என்ற கணக்கில் இறங்கத் தொடங்குகிறது. அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் டி.எச்.இ.ஏ. இருபதுகளில் உச்சத்தில் இருந்து, எழுபது எண்பது வயதுக்குள் அந்த உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் சில ஆண்டுகளுக்குள் சரிகிறது. வளர்ச்சி ஹார்மோனும் தூக்கத்தோடு தொடர்புள்ள மெலடோனினும் இதே போக்கில்தான் போகின்றன. இதெல்லாம் அளந்து கண்ட உண்மை. முதுமையைத் தள்ளிப்போடும் மருந்து வியாபாரம் முழுவதும் இந்த உண்மையின் மேல் ஏறி நின்றுகொண்டு, 'குறைந்ததை நிரப்பினால் இளமை திரும்பும்' என்று சொல்கிறது. குறைகிறது என்பதற்குச் சான்று உண்டு. நிரப்பினால் திரும்பும் என்பதற்கும் தனியே சான்று வேண்டும். பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியது அந்த இரண்டாவது சான்றைத்தான்.

இந்த வியாபாரம் புதிதல்ல. மொரீஷியஸ் தீவில் பிறந்து பாரிசில் பெயர்பெற்ற உடலியல் அறிஞர் பிரவுன் செக்கார், 1889-இல், தம் 72-ஆம் வயதில், நாய், கினி எலி ஆகியவற்றின் விரைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டார். உடல் வலுவும் வேலைத்திறனும் திரும்பிவிட்டதாக அறிஞர் அவையில் அறிவித்தார். உலகெங்கும் மருத்துவர்கள் அதைப் பின்பற்றினார்கள். டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்ததோ 1935-இல்தான். அவருடைய செய்முறையிலேயே சாறு தயாரித்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2002-இல் அளந்து பார்த்தபோது, உடலில் எந்த மாற்றத்தையும் உண்டாக்கப் போதாத அளவுக்கே அதில் ஹார்மோன் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. தெம்பு வந்ததாக உண்மையிலேயே உணர்ந்தார். நம்பி எடுத்துக்கொண்ட மருந்து வெறும் தண்ணீராக இருந்தாலும் சில வாரங்களுக்குத் தெம்பு தரும். 'எனக்குப் பலன் தெரிந்தது' என்று தெரிந்தவர் ஒருவர் சொல்வதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

குறைபாடும் வயதும்

ஹார்மோன் சிகிச்சை தேவைப்படும் நோய்கள் உண்டு. பிட்யூட்டரிக் கட்டி, விரைகளில் ஏற்பட்ட சேதம், பிறவிக் குறைபாடு போன்றவற்றால் டெஸ்டோஸ்டிரோன் சுரக்காதவருக்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும். தைராய்டு சுரப்பி செயலிழந்தவருக்குத் தைராக்சின் வாழ்நாள் மருந்து. மாதவிலக்கு நின்ற பின் உடம்பெல்லாம் அனல் அடித்து, இரவில் வியர்த்துத் தூக்கம் கெடும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனைவிட நன்றாகக் கேட்கும் மருந்து வேறில்லை. இவை சிகிச்சைகள். இவற்றில் கிடைத்த நல்ல பெயரை எடுத்துக்கொண்டுபோய், நோயில்லாத ஐம்பது வயதுக்காரரிடம் விற்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

உண்மையான குறைபாடு எவ்வளவு அரிது என்பதற்கு ஐரோப்பாவின் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயது வரையுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்து, 2010-இல் வெளியான ஆய்வு ஒரு நல்ல அளவுகோல். அறிகுறியும் இருக்க வேண்டும், ஹார்மோனும் குறைந்திருக்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, வயதையொட்டிய டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு இருந்தது 2.1 சதவீதம் பேருக்குத்தான். சோர்வு, ஞாபக மறதி, தொப்பை, எரிச்சல் என்று விளம்பரங்கள் அடுக்கும் பட்டியலைக் காட்டினால் நாற்பது தாண்டிய யாரும் 'எனக்கும் இருக்கிறது' என்றுதான் சொல்வார். அந்த ஆய்விலோ ஹார்மோன் குறைவோடு உறுதியாகச் சேர்ந்து வந்தவை பாலுறவு சார்ந்த மூன்று அறிகுறிகள் மட்டுமே: காலையில் விறைப்பு வருவது குறைதல், ஆசை குறைதல், விறைப்புக் கோளாறு.

மணலியில் சோர்வுக்கு முதலில் பார்க்க வேண்டியவை

வட சென்னையின் மணலி, எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்தில் இத்தகைய மருந்துகளைத் தேடுபவர்களில் பெரும்பாலோர் சொல்வது ஒரே குறை: உடம்பு அசதி. சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, பெட்ரோ கெமிக்கல் ஆலைகள் எல்லாம் இரவு பகலாக ஓடுபவை. காலை, மதியம், நைட் என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளர் பலருக்கு ஒரு ஷிப்ட் முடிந்த கையோடு அடுத்ததும் பார்க்க வேண்டிவரும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் ஓட்டுநர்கள் வரிசையில் நின்றுகொண்டே இரவைக் கழிக்கிறார்கள். இப்படி வாழும் நாற்பத்தைந்து வயதுக்காரர் களைத்துப் போவதற்கு ஹார்மோனைத் தேடிப் போக வேண்டியதில்லை.

தூக்கக் குறைவே டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும் என்பதும் தெரிந்ததே. சிகாகோவில் நடந்து 2011-இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், ஆரோக்கியமான பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. வயதால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வரும் குறைவு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஊசி அல்ல, தூக்கம்.

ஆகவே அசதிக்குக் காரணம் தேடும்போது பார்க்க வேண்டிய வரிசை வேறு. முதலில் ஹீமோகுளோபின். அடுத்து சர்க்கரை: வெறும் வயிற்றில் ஒரு முறை, கூடவே மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கண்டது. அந்த நோயும் வயிற்றுப் பருமனும் டெஸ்டோஸ்டிரோனைத் தாமாகவே கீழே இழுக்கும். பிறகு தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், இரத்த அழுத்தம். உரத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறி விழிப்பதும் இருக்கிறதா என்று வீட்டாரிடம் கேட்க வேண்டும். தொடர்ந்து குடிப்பதையும், பல மாதமாக இருக்கும் மனச்சோர்வையும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. இந்தப் பரிசோதனைகள் அனைத்தும் அரசு ஸ்டான்லி மருத்துவமனையிலோ, இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர் தம் மருந்தகம் வழியாகவோ செலவில்லாமல் செய்துகொள்ளக் கூடியவை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர் வாசலுக்கே வந்து பார்ப்பவை. இவை எல்லாம் சரியாக இருந்து, மேலே சொன்ன மூன்று அறிகுறிகளும் இருந்தால்தான் ஹார்மோன் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு.

இரத்தப் பரிசோதனையில் ஏமாற்றும் இடங்கள்

'ஃபுல் பாடி செக்கப்' என்று கூவி விற்கும் பரிசோதனைத் தொகுப்புகளில் டெஸ்டோஸ்டிரோனும் இப்போது ஒரு வரி. அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'குறைவு' என்று வந்தவுடன் பலர் நேரே மருந்துக்குப் போகிறார்கள். அந்த ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

டெஸ்டோஸ்டிரோன் விழித்தெழும் நேரத்தில் உச்சத்தில் இருந்து, பொழுது போகப் போக இறங்கும். காலை 8 மணி வாக்கில், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுத்து, இரண்டும் குறைவாக இருந்தால் மட்டுமே குறைவு என்று கொள்ள வேண்டும் என்பது ஹார்மோன் மருத்துவர்களின் நடைமுறை. சாப்பிட்ட பின் எடுத்தாலும், காய்ச்சலோ வேறு நோயோ வந்து தேறிக்கொண்டிருக்கும்போது எடுத்தாலும் எண் கீழே காட்டும். உடல் பருமன் இல்லாத ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து வகுத்த கீழ் எல்லை டெசிலிட்டருக்கு 264 நானோகிராம். ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் இந்த எல்லை மாறும் என்பதால் இரண்டு முறையும் ஒரே இடத்தில் எடுப்பது நல்லது.

ஷிப்ட் தொழிலாளிக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. நைட் ஷிப்ட் முடித்துக் காலை 7 மணிக்கு வெளியே வந்து, வீட்டுக்குப் போகும் வழியிலேயே இரத்தம் கொடுப்பவருக்குக் கடிகாரம் காலை என்றாலும் உடம்புக்கு அது நாளின் முடிவு. இரவெல்லாம் தூங்காத அந்த இரத்தத்தில் அளவு குறைவாகத்தான் இருக்கும். பகல் ஷிப்ட் வாரத்தில், இரண்டு மூன்று நாள் இரவில் நன்றாகத் தூங்கிய பிறகு, எழுந்த இரண்டு மணி நேரத்துக்குள் கொடுப்பதே சரி. ஷிப்ட் வேலை பார்ப்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர் கேட்காமல் இருக்கலாம்.

இன்னொன்று பலருக்கும் தெரியாதது. முடி கொட்டுவதற்கென்று வாங்கும் மாத்திரைகளில் பயோட்டின் என்னும் வைட்டமின் சிலவேளை 10 மில்லிகிராம் வரை இருக்கிறது. பல ஆய்வுக்கூடக் கருவிகள் பயோட்டினையே பிடிமானமாக வைத்து ஹார்மோனை அளப்பதால், இரத்தத்தில் அது மிகுந்திருந்தால் முடிவுகள் தாறுமாறாகும். டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், தைராக்சின் பொய்யாக ஏறும். இல்லாத தைராய்டு நோய் அறிக்கையில் வந்துவிடும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் இது கெடுக்கக் கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்தது. பரிசோதனைக்கு எத்தனை நாள் முன்பு பயோட்டினை நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவரிடமோ ஆய்வுக்கூடத்திலோ கேட்டுக்கொள்வது பாதுகாப்பு.

உமிழ்நீரில் கார்ட்டிசால் பார்த்து 'அட்ரினல் களைப்பு' என்று சொல்பவர்களிடம் நேரத்தைச் செலவிட வேண்டாம். அப்படி ஒரு நோயை ஹார்மோன் மருத்துவத் துறை ஏற்கவில்லை.

ஆய்வுகள் சொன்னது

வளர்ச்சி ஹார்மோனின் கதையில் இந்த வியாபாரம் முழுவதற்கும் பாடம் இருக்கிறது. 1990-இல் டேனியல் ருட்மன் என்னும் அமெரிக்க மருத்துவரின் குழு 61 முதல் 81 வயது வரையுள்ள 21 ஆண்களை எடுத்துக்கொண்டது. 12 பேருக்கு ஆறு மாதம் வாரம் மூன்று முறை வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டது. மற்ற 9 பேருக்கு எதுவும் போடவில்லை, ஒப்பிடுவதற்கான வெற்று ஊசிகூட இல்லை. ஊசி போட்டவர்களுக்குத் தசை முதலான கொழுப்பற்ற எடை 8.8 சதவீதம் கூடி, கொழுப்பு 14.4 சதவீதம் குறைந்தது. அவர்கள் கூடுதல் தூரம் நடந்தார்களா, மாடி ஏறினார்களா, நீண்டநாள் வாழ்ந்தார்களா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை. ஆனாலும் உலகெங்கும் இளமை மருந்து விற்பவர்கள் இதையே ஆதாரமாகக் காட்டினார்கள். கட்டுரையை வெளியிட்ட இதழே 2003-இல், அது தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று தலையங்கம் எழுத வேண்டியதாயிற்று. பின்னர் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2007-ஆம் ஆண்டு ஆய்வறிக்கை, எடை விகிதத்தில் வரும் மாற்றம் சிறியது, கால் வீக்கம், மூட்டு வலி, மணிக்கட்டு நரம்பு அழுத்தம், ஆண்களுக்கு மார்பு பெருத்தல் ஆகிய தொந்தரவுகள்தான் அதிகம் என்று முடித்தது. ஆய்வகத்தில் நீண்டநாள் வாழும் சுண்டெலி வகைகள் சில, வளர்ச்சி ஹார்மோன் குறைவாகவோ வேலை செய்யாமலோ இருப்பவை என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். வாயில் அடித்துக்கொள்ளும் ஸ்ப்ரே, விழுங்கும் மாத்திரை என்ற உருவில் விற்கும் 'வளர்ச்சி ஹார்மோன்' பற்றி ஒரு வரி போதும்: 191 அமினோ அமிலங்கள் கோத்த புரதம் அது. வயிற்றுக்குள் போனால் மற்றப் புரதங்களைப் போலவே செரித்துவிடும்.

டி.எச்.இ.ஏ. அமெரிக்காவில் மருந்துச்சீட்டு இல்லாமல் துணை உணவாகக் கிடைக்கிறது. அங்கே இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது பெற்றோருக்கு வாங்கிவரும் டப்பாக்களில் அதுவும் இருக்கக் கூடும். அங்கே 1994-இல் வந்த சட்டம், துணை உணவு என்ற பெயரில் வருபவை பலன் தருகின்றனவா என்று விற்பதற்கு முன் நிரூபிக்கக் கேட்பதில்லை. கடையில் இருப்பதே அரசின் ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேயோ மருத்துவமனைக் குழு வயதானவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் டி.எச்.இ.ஏ. கொடுத்து, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, 2006-இல் முடிவை வெளியிட்டது. இரத்தத்தில் அளவு இளைஞர்களுக்குரிய நிலைக்கு ஏறியது. உடல் வலு, இன்சுலின் செயல்பாடு, வாழ்க்கைத் தரம் எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. எண் ஏறியது, மனிதர் அப்படியே இருந்தார்.

டெஸ்டோஸ்டிரோனுக்குச் சான்று அதிகம். 65 வயது கடந்து, அளவும் குறைவாக இருந்த 790 ஆண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வின் முடிவுகள் 2016 முதல் வந்தன. ஒரு வருடம் களிம்பு தடவியவர்களுக்குப் பாலுறவு ஆர்வம் மிதமாகக் கூடியது, இரத்த சோகையும் எலும்பு அடர்த்தியும் மேம்பட்டன. உற்சாகம் கூடியதாகத் தெளிவாகக் காட்ட முடியவில்லை. நினைவாற்றல் கூடவில்லை. இதய இரத்தக் குழாய்களில் படிவு கூடியதும் தெரிந்தது. இதயம் பற்றிய கேள்விக்காகவே 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2023-இல் வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் வெற்று மருந்துக் குழுவைவிடக் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறு, நுரையீரலில் இரத்தக் கட்டி, திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை சற்றுக் கூடின. எலும்பு அடர்த்தி கூடும் என்பதால் எலும்பு முறிவு குறையும் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். முறிவுகள் கூடியிருந்தன. அளவுகோலில் வரும் முன்னேற்றத்தை வாழ்க்கையில் வரும் முன்னேற்றமாக எண்ணக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மெலடோனின் முதுமையைத் தடுக்கும் என்பதற்கு மனிதர்களிடம் சான்றில்லை. நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர்களுக்கு அது ஏறக்குறைய 24 நிமிடம் கூடுதல் தூக்கம் தரலாம் என்று 2014-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொன்னது, அதுவும் வலுவில்லாத சான்றின் மேல். கனடாவில் 31 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்தபோது, மேலே எழுதியிருந்த அளவில் 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் கூடுதலாக இருந்ததும் உண்டு. அறையை இருட்டாக்கி, செல்போனை வேறு அறையில் வைத்துத் தூங்குவதற்குச் செலவில்லை.

வைட்டமின் டி-யும் உடலில் ஹார்மோனாகவே வேலை செய்வது. 25,871 பேரிடம் ஐந்து ஆண்டுக்கும் மேல் நடந்த அமெரிக்க ஆய்வில், தினம் 2,000 யூனிட் எடுத்தவர்களுக்குப் புற்றுநோயோ, மாரடைப்போ, எலும்பு முறிவோ குறையவில்லை. இங்கே மருந்துக்கடையில் கிடைப்பது 60,000 யூனிட். வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததைச் சிலர் தினம் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறார்கள், சிலர் நிறுத்துவதே இல்லை. இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், சிறுநீரகச் செயலிழப்பு வரை போகும்.

சதவீதத்தைப் படிக்கும் முறை

பெண்களுக்கான ஹார்மோன் சிகிச்சையின் வரலாறு எதிர்ப்பக்கப் பாடம். 16,608 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்த அமெரிக்க ஆய்வு 2002-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுகிறது என்ற செய்தி உலகெங்கும் பரவி, அனல் அடிப்பால் உண்மையிலேயே அவதிப்பட்ட பெண்களும் மருந்தை விட்டார்கள். அந்த 26 சதவீதத்தை ஆட்களாக எண்ணிப் பார்க்க வேண்டும்: 10,000 பெண்களில் ஓராண்டில் 30 பேருக்கு வந்திருக்க வேண்டிய நோய் 38 பேருக்கு வந்தது. கூடுதல் 8 பேர். பக்கவாதமும் அதே கணக்கில் 8 பேருக்குக் கூடியது, இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைந்தது. ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிலக்கு நின்ற பத்தாண்டுக்குள், அறுபது வயதுக்குள் தொடங்குபவர்களுக்குக் கணக்கு சாதகமாக இருப்பதாகப் பின்னர் செய்த பகுப்பாய்வுகள் காட்டின. ஆகவே தாங்க முடியாத அனல் அடிப்புக்கு, மார்பகப் புற்றுநோயோ இரத்தக் கட்டியோ வராதவர், மகப்பேறு மருத்துவரின் கண்காணிப்பில் எடுத்துக்கொள்வது நியாயமான சிகிச்சை. இளமையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எடுத்துக்கொள்வதற்கு அதே ஆய்வில் ஆதரவில்லை.

இதே கணக்கை எந்த விளம்பரத்துக்கும் போடலாம். '40 சதவீதம் கூடுகிறது' என்றால், எதிலிருந்து எதற்கு, எத்தனை பேரில், எவ்வளவு காலத்தில் என்று கேட்க வேண்டும். எலியிடமா மனிதரிடமா, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்களா, ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் என்பவை அடுத்த கேள்விகள். விற்பவரால் இவற்றுக்குப் பதில் சொல்ல முடியவில்லை என்றால் அதுவே பதில்.

டப்பாவின் மேல் எழுதியிருப்பது

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் பலரும் நினைப்பதைவிடக் கறாரானது. 2016-ஆம் ஆண்டின் துணை உணவு விதிகளின்படி, துணை உணவுகளில் ஹார்மோனும் ஸ்டீராய்டும் சேர்க்கக் கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணுடன் 'டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர்' என்று விற்கும் டப்பாவில் அந்த ஹார்மோன் இருந்தால் அது சட்டவிரோதம். இல்லை என்றால் பெயர் ஏமாற்று. இரண்டில் எதுவாக இருந்தாலும் வாங்கக் காரணமில்லை. அதே டப்பாவில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகமும் பொடி எழுத்தில் இருந்தாக வேண்டும். முன்பக்கப் பெரிய எழுத்தை அந்த வாசகத்தோடு வைத்துப் படிக்க வேண்டும்.

ஹார்மோன் மருந்துகளுக்கு மருந்து உற்பத்தி உரிமம், பேட்ச் எண், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை ஆகியவை அட்டையில் இருக்கும். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை, எந்தெந்த நோய்களைத் தீர்ப்பதாக ஒரு மருந்து உரிமை கொண்டாடக் கூடாது என்று பட்டியலிடுகிறது. இளமையைத் திரும்பத் தருவதும், அகால முதுமையும், இளநரையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரச் சட்டம், பாலுறவு சக்தியைக் கூட்டுவதாக விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. இரவுநேரத் தொலைக்காட்சியில் லேகியத்துக்கும் மாத்திரைக்கும் அப்படிப்பட்ட விளம்பரம் வருவது, சட்டம் இல்லாததால் அல்ல, அதைக் கேட்பாரில்லாததால்.

'மூலிகை, பக்கவிளைவே இல்லை' என்ற வாக்குறுதியோடு உடனடிப் பலன் தரும் ஆண்மை மாத்திரையில் விறைப்புக் கோளாறுக்கான சில்டனாஃபில் மருந்து கலந்திருக்கும் வாய்ப்பு உண்டு. 2007 முதல் 2016 வரை அமெரிக்காவில் கலப்படம் என்று பிடிபட்ட 776 துணை உணவுகளில் ஏறக்குறைய பாதி இந்த வகைதான். நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் இதைத் தெரியாமல் விழுங்கினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். அதேபோல, சாப்பிட்ட சில நாளிலேயே பசி கூடி, மூட்டு வலி பறந்து, முகம் உருண்டு வரும் 'உடல் தேற்றும்' பொடியில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். பல மாதம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொடியை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போவதே வழி.

சித்த மருத்துவத்தில் காயகல்பம் என்று ஒரு நெடிய மரபு இருப்பதால், அந்தப் பெயரைப் போட்டால் கேள்வி கேட்காமல் வாங்குபவர் அதிகம். மரபுக்கு மரியாதை தருவதும் சான்று கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. அமுக்கரா வேர்ச் சாற்றை 40 முதல் 70 வயது வரையுள்ள, எடை கூடிய ஆண்களுக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில் டெஸ்டோஸ்டிரோன் வெற்று மாத்திரையைவிட 14.7 சதவீதம் கூடியது. ஆனால் களைப்பு, சுறுசுறுப்பு, பாலுறவு நலம் எதிலும் வேறுபாடில்லை. அமுக்கராவால் கல்லீரல் பாதித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. தைராய்டு ஹார்மோனையும் அது கூட்டக் கூடும் என்பதால் தைராய்டு மாத்திரை எடுப்பவர் சொல்லிவிட்டே சாப்பிட வேண்டும். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்த 2008-ஆம் ஆண்டு ஆய்வில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. பற்பம், செந்தூரம் போன்ற உலோக மருந்துகள் சேர்ந்தவற்றை விலாசமில்லாத பொட்டலத்தில் வாங்கவே கூடாது. சித்த மருந்துதான் வேண்டும் என்பவருக்கு அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவும், தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன. அரசின் டாம்ப்கால் நிறுவனம், திருவான்மியூர் இம்ப்காப்ஸ் கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் தயாரிப்புகளுக்கு உரிம எண்ணும் முகவரியும் உண்டு.

உடற்பயிற்சிக் கூடத்து ஊசி

ஹார்மோனால் உயிர் போவது வட சென்னையில் கேள்விப்படாத செய்தி அல்ல. உடலை முறுக்கேற்ற ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததாக 2023-இல் ஆவடியிலிருந்தும் 2025-இல் திருவொற்றியூர்ப் பகுதியிலிருந்தும் செய்திகள் வந்தன. இந்த ஊசிகளில் பல டெஸ்டோஸ்டிரோனும் அதன் உறவுகளும்தான். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை தன் உத்தரவை நிறுத்திவிடும், விரைகள் சுருங்கும், விந்தணு உற்பத்தி நிற்கும். உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனை ஆண் கருத்தடை ஊசியாகவே சோதித்து 1990-இல் முடிவை வெளியிட்டது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விந்தணுவே இல்லாமல் போயிற்று. நிறுத்திய பின் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். கல்யாணத்துக்கு முன் உடம்பு தேற்றப் போன பிள்ளைகளிடம் இதைப் பயிற்சியாளர்கள் சொல்வதில்லை. இரத்தம் கெட்டியாதல், கல்லீரல் பாதிப்பு, இதயத் தசை தடித்தல் ஆகியவையும் இதே ஊசியின் விளைவுகள். முறையான சிகிச்சையில் டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவருக்குக்கூட இரத்தத்தின் செல் விகிதமும் புராஸ்டேட் பரிசோதனையும் குறித்த இடைவெளியில் பார்க்கிறார்கள். அந்த விகிதம் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்துகிறார்கள். கூடத்தில் ஊசி போடுபவர் இவை எதையும் பார்ப்பதில்லை.

ஏற்கெனவே வாங்கிச் சாப்பிட்டு ஒத்துக்கொள்ளாமல் போனவர் டப்பா, அட்டை, பேட்ச் எண், பில் ஆகியவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும். மருந்தின் பக்கவிளைவை 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். துணை உணவு என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும், மருந்து என்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலும், பொய் விளம்பரத்தால் பணம் போனது என்றால் நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் கொடுக்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டு பலர் புகார் கொடுக்காமலே விட்டுவிடுகிறார்கள். ஒரு பேட்ச் எண்ணோடு வரும் ஒரு புகார் போதும், அந்தப் பேட்சை எடுத்துச் சோதிக்கும் அதிகாரம் அலுவலர்களுக்கு உண்டு.